எரிவதாகப் பாவித்து

அந்த மெஷின் மேல் தேங்காய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்று வஹிதா டீச்சர் மூன்று தடவை சொல்லப் பார்த்தாள். முதல் தடவை யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது தடவை, "உக்காருங்க டீச்சர், பெரியவங்க இருக்காங்கல்ல" என்று அதட்டினார்கள். மூன்றாவது தடவைக்கு அவள் வாயைத் திறப்பதற்குள் ஊற்றி முடித்திருந்தார்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம், மே மாதம். தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான ஹாலில் நாற்பது ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டி உட்கார வைத்திருந்தார்கள். வகுப்பறையில் நவீனக் கருவிகளைக் கையாளப் பத்து நாள் பயிற்சி என்று வாசலில் துணி கட்டியிருந்தது. கருவிகள் என்று பன்மையில் எழுதியிருந்தாலும் வந்திருந்தது என்னவோ ஒன்றே ஒன்றுதான். ஒரு ஸ்லைடு புரொஜக்டர். இரும்புப் பெட்டி, முன்னால் லென்சு, உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பல்பு. தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு படத்தை நடுவில் சொருகினால் அது எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு விழும்.

பத்து மணிக்கு வர வேண்டிய பெரிய ஐயா வந்தது பன்னிரண்டே காலுக்கு. அவர் என்ன அதிகாரி, எந்த ஆபீஸ் என்று அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோரும் பெரிய ஐயா என்றார்கள், அவரும் அப்படித்தான் நடந்தார். பயிற்சி நடத்துகிற வேடியப்பனுக்கு ஒரே பயம், அவர் வருகிற நேரம் பார்த்து மெஷின் எரியாமல் போய்விடுமோ என்று. அதனால் ஒன்பதரைக்கே பல்பைப் போட்டு, அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டார். போதாததற்கு, சூடு வெளியே போகிற ஓட்டைகளின் மேல் சாமந்தி மாலை. பெட்டிக்கு ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டினால் அடுப்பு மாதிரி அனல் அடித்தது.

வஹிதாவுக்கு இந்த அனல் புதுசில்லை. அவள் அப்பா மஸ்தான் காரிமங்கலத்தில் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். அவள் எழுதப் பழகியதே ஸ்லைடு எழுதித்தான். கண்ணாடித் துண்டைச் சிம்னி விளக்குப் புகையில் காட்டி, கரி படிந்ததும் ஊசியால் கீறி, 'இடைவேளை' என்றும் 'நாளை முதல்' என்றும் எழுதுவாள். சூடான பல்புக்குப் பக்கத்தில் ஈரக் கையைக்கூடக் கொண்டுபோகக் கூடாது என்பது பால்பல் விழுவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். இங்கே இருந்தவர்களில் அது தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். அதைக் கேட்கத்தான் ஒருத்தரும் இல்லை.

பியூன் மாது அரிவாளால் தேங்காயை உடைத்து இரண்டு மூடியையும் தட்டில் வைத்து நீட்டினான். பெரிய ஐயா சந்தனத்தைக் குழைத்து மெஷினின் நெற்றியில், அதாவது லென்சுக்கு மேலே, மூன்று விரலால் பட்டை போட்டார். குங்குமம் வைத்தார். பிறகு, புதுசாக வாங்கிய டிராக்டருக்குச் செய்கிற மாதிரி, தேங்காய் மூடியை மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரை அதன் தலையிலேயே கவிழ்த்தார்.

டப் என்று ஒரு சத்தம். பளீரென்று ஒரு வெளிச்சம். போட்டோகிராபர்தான் படம் எடுத்துவிட்டார் என்று நினைத்து நாற்பது ஆசிரியர்களும் கை தட்டினார்கள். பெரிய ஐயாவும் சிரித்தபடியே அப்படியே நின்றார். போட்டோகிராபர் மட்டும் காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் இன்னும் எடுக்கவே இல்லீங்களே" என்றார். அதற்குள் பெட்டியிலிருந்து கருகின தேங்காய் வாசனை வர ஆரம்பித்துவிட்டது.

அட கண்றாவியே! மாவட்டத்துக்கே ஒரு பல்பு. அது பயிற்சி தொடங்கின முதல் நிமிஷத்திலேயே போயாயிற்று.

மறுநாள் காலையில் வஹிதா நினைத்தாள், இன்றைக்குப் பயிற்சியை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று. அந்த அளவு பல்பு சேலத்தில்கூடக் கிடைக்காது, மெட்ராஸுக்கு எழுதிப் போட்டு வர வேண்டும். ஆனால் வேடியப்பன் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்து நின்று, மெஷினின் மேலிருந்த மாலையை மட்டும் எடுத்துவிட்டு, பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

"இப்ப நான் சுவிட்சைப் போடறேன். பல்பு எரியுதுன்னு பாவிச்சுக்கங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள். வேடியப்பன் சிரிக்கவில்லை.

வஹிதா எழுந்தாள். "சார், பல்பு வெடிச்சிருச்சுன்னு எழுதிப் போட்டா வேற அனுப்பமாட்டாங்களா?"

"எப்படி வெடிச்சதுன்னு கேப்பாங்களே டீச்சர். பெரிய ஐயா கையால ஊத்தின தண்ணியில வெடிச்சதுன்னு எழுதவா? நீங்க கையெழுத்துப் போடறீங்களா?"

"அப்ப ஒண்ணு பண்ணலாங்க. பல்பு இருக்கற எடத்துக்கு நேரா ஒரு மொகம் பாக்கற கண்ணாடிய வச்சு, ஜன்னல் வெயில திருப்பி உட்டா படம் செவுத்துல உழும். எங்கப்பா டாக்கீஸ்ல ஸ்லைடை இப்படித்தான் பகல்ல போட்டுப் பாப்பாரு. மே மாச வெயிலு, சும்மா பளிச்சுன்னு தெரியும்."

வேடியப்பன் ஒரு கத்தைக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "தெனமும் இந்தப் படிவத்த நெரப்பி நான் மேல அனுப்பணும். பல்பு எரிந்த நேரம்னு ஒரு எடம் இருக்கு. வெயிலு எரிந்த நேரம்னு எங்கயும் இல்ல. உக்காருங்க."

அவ்வளவுதான். அன்றைக்கு எட்டு ஸ்லைடு காட்டியதாகப் படிவத்தில் எழுதினார்கள்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை எந்த வாயால் சொல்வது? தினமும் ஐந்து பேர் முன்னால் போவார்கள். செத்துப்போன மெஷினில் ஸ்லைடைச் சொருகுவார்கள். எதிரே வெறும் வெள்ளைச் சுவர். சுவரில் ஒரு பல்லி இருந்தது, சில நாள் அதுவும் இல்லை. அந்தச் சுவரைக் குச்சியால் தொட்டுத் தொட்டு, இது இதயம், இது மேல் அறை, இது கீழ் அறை என்று விளக்க வேண்டும். மற்ற முப்பத்தைந்து பேரும் பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். எழுதினதற்கு மார்க்கு வேறு. ஒன்றுமே இல்லாத சுவரில் என்ன தெரிந்தது என்று எழுதி அதற்குப் பத்துக்கு எட்டு வாங்குகிற அசிங்கத்தை வஹிதா அதுவரை கேள்விப்பட்டதுகூட இல்லை.

இண்டூர்ப் பக்கத்து ஹெட்மாஸ்டர் முனியப்பன் இதில் மகா கெட்டிக்காரர். நாலாம் நாள் அவர் இதயத்தை விளக்கும்போது குரல் தழுதழுத்தது. "எவ்ளோ செகப்பா தெரியுது பாருங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர் நிஜமாகவே கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மங்கலா இருக்குங்க, லென்ச திருகுங்க" என்றார். முனியப்பன் திருகினார். "இப்பச் சரி" என்றார் அவர். கிண்டலுக்குச் சொல்கிறாரோ என்று வஹிதா அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டலே இல்லை. மனுஷன் மனசாரச் சொன்னார். 

"எப்படிங்க சகிச்சிட்டிருக்கீங்க?" என்று, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்கத்து பெஞ்சு ரோசம்மாளிடம் கேட்டாள் வஹிதா. அவளுக்கு நோன்பு. ரோசம்மாள் பதினெட்டு வருஷ சர்வீஸ், இரண்டு மாற்றலைப் பார்த்தவள்.

"பத்து நாளு கண்ண மூடிட்டிருந்தா சர்டிபிகேட்டு வந்துரும். நீங்க எதுக்கு வஹிதா வீணா ஒடம்பக் கெடுத்துக்கறீங்க?" என்று ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள் ரோசம்மாள்.

அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருப்பாள் வஹிதா. கட்டாததற்குக் காரணம் ஒன்றுதான். ஜூன் மாசம் ஐந்து புது மெஷின் வருகிறது, பல்போடு, உபரிப் பல்பும் சேர்த்து. ஒன்பதாம் நாள் மாதிரிப் பாடத்தில் முதல் ஐந்து இடத்தில் வருகிற ஆசிரியர்களின் பள்ளிக்கூடத்துக்கு அவை போகும். அந்த ஐந்தில் ஒன்று அவளுக்கு வேண்டும். கெஞ்சியோ, கால் பிடித்தோ, எப்படியாவது வேண்டும்.

அவள் பள்ளிக்கூடம் தொப்பூர்க் கணவாய்க்குக் கீழே, பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் ஊர். கணவாயில் இறங்குகிற லாரிக்காரர்கள் டீசலை மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். இருபது டன் லாரி ஒரு சத்தமும் இல்லாமல் வளைவைத் தாண்டி வந்து நிற்கும். நிற்காமலும் வரும். போன வருஷம் ஆடி மாசம் நாலாம் வகுப்புக் கண்ணம்மாள் மத்தியானம் தட்டைக் கழுவிவிட்டுத் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு ஓடினாள். காது கொடுத்துக் கேட்டாள், சத்தம் இல்லை, ஓடினாள். நடு ரோட்டில் தட்டு மட்டும் சுற்றிக்கொண்டு கிடந்ததை வஹிதா பார்த்தாள். மற்றதையும் பார்த்தாள். அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு வாயால் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. சத்தம் வராமல் எப்படி டீச்சர் லாரி வரும் என்பார்கள். படமாகக் காட்டினால்தான் ஏறும் என்று அவளுக்குத் தோன்றியது. பிரேம் போடுகிற கடையில் கண்ணாடித் துண்டு வாங்கி, அப்பா செய்கிற மாதிரி புகை பிடித்து, ஊசியால் கீறி மூன்று ஸ்லைடு செய்து வைத்திருந்தாள். ஒன்றாவது, நேர் ரோடு, தூரத்தில் லாரி. இரண்டாவது, வளைவு, ரோடு காலி, பாறை மறைக்கிறது. மூன்றாவது, அதே வளைவு, அதே பாறை, ஆனால் அதைத் தாண்டி லாரியின் மூஞ்சி. லாரி தெரியுதா என்று கேட்க வேண்டும். இரண்டாவது படத்துக்குப் பிள்ளைகள் தெரியல என்று சொல்ல வேண்டும். தெரியலைன்னா நில்லு, நடக்காதே, ரெண்டு பக்கமும் ரோடு தெரியற பாலத்துக்கிட்டப் போய்த் தாண்டு. அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றுவதற்குத்தான் இவ்வளவு பாடும். பக்கத்து ஓட்டல்காரர் ஒயர் இழுத்துக் கரண்ட் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார். மெஷின்தான் பாக்கி.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் அவள் முறை வந்தபோது, வெறும் சுவரில் நுரையீரலை விளக்கினாள். பத்துக்கு ஒன்பது கொடுத்தார் வேடியப்பன். ரோசம்மாள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். வஹிதா கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள், ஒரு வாட்டிக்கு மூன்று வாட்டி.

ஒன்பதாம் நாள் காலையில் மாதிரிப் பாடம் கேட்பதற்குப் பக்கத்துத் தெருக்களில் இருந்து முப்பது பிள்ளைகளை மாது பிடித்துக்கொண்டு வந்திருந்தான். லீவு நாளில் எவன் வருவான்? ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் என்று ஆசை காட்டியிருந்தான். தரையில் வரிசையாக உட்கார வைத்து வேடியப்பன் பிள்ளைகளைத் தயார் செய்தார்.

"டீச்சரு தெரியுதான்னு கேப்பாங்க. நீங்கல்லாம் என்ன சொல்லணும்?"

"தெரியுதுங்க சார்!"

"செவுத்துல ஒண்ணுமே இல்லீங்களே" என்றது ஒரு குரல்.

"யாருடா அது?" மாது அந்தப் பக்கமாக நடந்தான். பிறகு அந்தக் குரல் வரவில்லை. இன்னும் இரண்டு தடவை சொல்ல வைத்தார்கள். மூன்றாம் தடவைக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டு மாதிரி வந்துவிட்டது.

வஹிதா ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சீ, இது என்ன பிழைப்பு? பெரியவர்கள் ஒருத்தருக்கொருத்தர் புளுகிக்கொள்வது வேறு. இதுகளுக்கு என்ன தலையெழுத்து? அப்போதுகூட அவளுக்குத் தன் பாடத்தைப் பற்றி உறைக்கவில்லை. மடியில் காகிதம் சுற்றி வைத்திருந்த மூன்று கண்ணாடியும் உடையாமல் இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்த்தாள்.

பெரிய ஐயா வந்தார், இந்தத் தடவை பதினொரு மணிக்கே. கூடவே அதே போட்டோகிராபர். முனியப்பன் இதயத்தைக் காட்டினார், பிள்ளைகள் "தெரியுதுங்க சார்" என்று கூவினார்கள், பெரிய ஐயா தலையை ஆட்டினார். ரோசம்மாள் தென்னை மரத்தின் பாகங்களைக் காட்டினாள், அதுவும் தெரிந்தது. அடுத்தது வஹிதா.

அவள் சாக்பீஸால் தரையில் இரண்டு நீளக் கோடு போட்டாள். "இது ரோடு. இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் ஊரு." பெரிய ஐயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பது நாளில் இதயமும் நுரையீரலும் தென்னை மரமும் இல்லாத ஒரு பாடத்தை இப்போதுதான் பார்க்கிறார்கள். வேடியப்பன்கூடப் பென்சிலை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். லாரி எப்படிச் சத்தமில்லாமல் வரும் என்று வஹிதா சொன்னபோது ஹாலில் ஈ பறந்தால் கேட்கும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கே ஒரு சந்தோஷம் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

முதல் கண்ணாடியைச் சொருகினாள். "தூரத்துல பாருங்க. லாரி தெரியுதா?"

"தெரியுதுங்க டீச்சர்!"

"தெரிஞ்சா என்ன பண்ணணும்? அது போற வரைக்கும் ஓரமா நிக்கணும்." இரண்டாவது கண்ணாடியைச் சொருகினாள். "இப்பப் பாருங்க. ரோடு வளையுது. பாறை மறைக்குது. லாரி தெரியுதா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில், "தெரியுதுங்க டீச்சர்!" என்றார்கள்.

முன் வரிசையில் ஒரு பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எண்ணெய் வழிய ரெட்டைச் சடை, பாவாடையில் ஒட்டு. வந்தபோதே வஹிதா பேர் கேட்டிருந்தாள், தீர்த்தம்மாள். கழுத்தை நீட்டிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ சொல்லு பாப்பா. தெரியுதா?"

"தெரியலீங்க டீச்சர்."

பெரிய ஐயா பைலில் இருந்து தலையைத் தூக்கினார். வேடியப்பனின் பென்சில் மார்க்குப் போடுகிற கட்டத்தின் மேல் நின்றது. அந்தப் பெண் சொன்னது சரி. எந்த வழியில் பார்த்தாலும் சரி. சுவரில் லாரி இல்லை, கண்ணாடியிலும் லாரி இல்லை. இந்தப் பாடம் முழுக்க அந்த ஒரு பதிலுக்காகத்தான். சபாஷ், அதுதான் சரி என்று சொன்னால் போதும். வஹிதாவுக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பென்சில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஜூன் மாசம் வருகிற மெஷின் அந்தப் பென்சில் நுனியில் இருந்தது.

"நல்லாப் பாரு. தெரியுது பாரு" என்று அவள் வாய் சொன்னது.

தீர்த்தம்மாள் சுவரைப் பார்த்தது. பிறகு திரும்பி வஹிதாவின் முகத்தைப் பார்த்தது. அங்கே என்ன படித்ததோ, "தெரியுதுங்க" என்றது மெதுவாக.

"வெரி குட்" என்றார் பெரிய ஐயா. "அப்படியே அந்தப் புள்ளைய ரோட்டத் தாண்டிக் காட்டச் சொல்லுங்க டீச்சர். செஞ்சு காட்டினாத்தான் மனசுல நிக்கும்."

தீர்த்தம்மாள் எழுந்து சாக்பீஸ் கோட்டுக்குள் கால் வைத்தது. இரண்டு அடி போயிருக்கும், போட்டோகிராபர் குனிந்து, "பாப்பா, அங்கயே நில்லு. இப்படிப் பாத்துச் சிரி" என்றார். நடு ரோட்டில், இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில், அந்தப் பெண் நின்று சிரித்தது.

வஹிதாவின் கை தன் பாட்டுக்கு மூன்றாவது கண்ணாடியைச் சொருகியிருந்தது. அதில் என்ன கீறியிருக்கிறது என்று அந்த ஹாலில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

டப் என்றது பிளாஷ். எல்லோரும் கை தட்டினார்கள்.

"நிறுத்துங்க!" வஹிதா பாய்ந்து போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் அது தடுமாறி விழப் பார்த்தது. "எதுக்குக் கை தட்டறீங்க? இந்தப் புள்ள செத்துப்போச்சு! உங்க வெரி குட்டுக்கு நடு ரோட்டுல நின்னு செத்துப்போச்சு!"

"என்னம்மா பேச்சு இது?" என்றார் பெரிய ஐயா.

"பல்பு எரியல சார். ஒம்பது நாளா எரியல. நீங்க ஊத்தின தண்ணியில அன்னிக்கே வெடிச்சிருச்சு. செவுத்துல ஒண்ணுமே இல்ல. இல்லாததத் தெரியுதுன்னு சொல்றதுக்கா நாங்க நாப்பது பேரு பஸ் ஏறி வந்தோம்? நாங்க சொன்னாத் தொலையுது. இந்தப் புள்ளைங்கள எதுக்குச் சொல்ல வக்கிறீங்க?"

நாற்பது ஆசிரியர்கள் இருந்த ஹால். வஹிதா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முனியப்பன் தன் ஸ்லைடுகளை எண் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். ரோசம்மாள் கைப்பையில் எதையோ தேடினாள்.

வேடியப்பன் அதிர்ந்துகூடப் பேசவில்லை. "வெயிலுங்க ஐயா. டீச்சருக்கு நோன்பு மாசம் வேற. தலை சுத்தியிருக்கும். மாது, டீச்சர வெளிய காத்தாட உக்கார வச்சுத் தண்ணி குடு. அடுத்தது யாரு?"

நோன்பு மாசம்தான், ஆனால் தலை சுற்றவில்லை. அவளுக்கு வாழ்நாளில் தலை இவ்வளவு தெளிவாக இருந்தது கிடையாது. மாது தண்ணீர்ச் சொம்பை நீட்டியபோது, தன் நோன்பைக்கூட இவர்கள் ஒரு சாக்காக ஆக்கிக்கொண்டார்களே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொம்பை வாங்கித் தரையில் வைத்தாள்.

சாயங்காலம், மாதிரிப் பாடம் நடத்தியவர்கள் ஆளுக்கு ஒன்றாக நிரப்பிய படிவங்களைக் கேட்டு வாங்கினார்கள். வஹிதா தன் படிவத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: பல்பு எரியவில்லை. காட்டிய படம் எதுவும் இல்லை. பார்த்தவர் யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டு வேடியப்பன் மேசையில் வைத்தாள். அவர் படித்தார், நான்காக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து, அன்றைய தேதியில் அவள் பேருக்கு நேராகச் சிவப்பு மையில் ஆப்சென்ட் என்று எழுதினார்.

"நான் காலைல இருந்து இங்கதான இருக்கறேன்!"

"இருந்தீங்கன்னா அந்தப் படிவத்த நான் மேல அனுப்பணும் டீச்சர். அனுப்பினா நாப்பது பேரோட சர்டிபிகேட்டும் நிக்கும். ரோசம்மாள் டீச்சருக்கு அடுத்த மாசம் பிரமோஷன். நீங்க இன்னிக்கு வரல. ஒடம்பு சரியில்ல. எல்லாருக்கும் நல்லது." அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குங்க" என்றார், பேனா மூடியைத் திருகிக்கொண்டே.

ஆக, அவள் கத்தினது நடக்கவில்லை. பாடமும் நடக்கவில்லை. ஜூன் மாசம் வருகிற ஐந்து மெஷினில் முதலாவது முனியப்பன் பள்ளிக்கூடத்துக்கு; அந்த ஐந்தில் வஹிதா பேர் இல்லை. படிக்கட்டில் இறங்கும்போது ரோசம்மாள் பின்னாலேயே வந்தாள். ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று வஹிதா நின்றாள்.

"நீங்க கத்தினது செரிதான் வஹிதா. ஆனா அந்தப் புள்ளையத் தெரியுதுன்னு சொல்ல வச்சது வேடியப்பன் சாரு இல்ல. நீங்கதான்." குரலில் குத்தல்கூட இல்லை. சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

தூ என்று துப்ப வேண்டும் போல இருந்தது. யார் மேல் துப்புவது? வேடியப்பன் மேலா, பெரிய ஐயா மேலா? காலையில் இருந்து அவர்கள் பேரில் வந்த அருவருப்பெல்லாம் இப்போது தன் வாய்க்குள்ளேயே கசந்துகொண்டு நின்றது. நல்லாப் பாரு, தெரியுது பாரு. இந்த வாய்தானே சொன்னது? சந்தனம் பூசி, தேங்காய்த் தண்ணீர் ஊற்றி பல்பை உடைத்தவன்கூட ஒரு பிள்ளை சொன்ன சரியான பதிலை மாற்றிச் சொல்ல வைக்கவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் மாது பிஸ்கட் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். தீர்த்தம்மாள் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. வஹிதாவைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தது.

"டீச்சர், நான் சொன்னதுல எதுங்க கரெக்டு?"

"மொதல்ல சொன்னது."

"தெரியலன்னு சொன்னதுங்களா?"

"ஆமா கண்ணு. அதான் கரெக்டு. தெரியலைன்னா தெரியலன்னுதான் சொல்லணும்."

"அப்பறம் ஏனுங்க மாத்திச் சொல்லச் சொன்னீங்க?"

பன்னிரண்டு வருஷ சர்வீஸில் எத்தனையோ கேள்விக்குப் பதில் தெரியாமல் சமாளித்திருக்கிறாள் வஹிதா. நாளைக்குச் சொல்கிறேன் என்பாள், புத்தகத்தைப் பார்க்கிறேன் என்பாள். இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்தைப் பார்ப்பது? மெஷினில் இருந்ததையும் எடுத்துச் சேர்த்து மடியில் வைத்திருந்த மூன்று கண்ணாடியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதில் ஒன்று, காலையில் அந்தப் பெண்ணை இழுத்த இழுப்பில் விரிசல் விட்டிருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றாள்.

தீர்த்தம்மாளுக்கு அது பதிலாகப் பட்டதாகத் தெரியவில்லை. டீச்சர்மார் அப்படிச் சொல்லி அது கேட்டதில்லையோ என்னவோ. தலையை ஆட்டிவிட்டு, பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பியது. அதன் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். பஸ்களும் லாரிகளும் வந்துகொண்டிருந்த நேரம். ரோட்டு ஓரம் வரை போய் நின்றது. நிற்கத்தான் செய்தது. ஆனால் வலது பக்கம் பார்க்கவில்லை, இடது பக்கம் பார்க்கவில்லை. போகலாமா என்று கேட்பதற்காக, திரும்பி டீச்சர் முகத்தைப் பார்த்தது.